ரிட்டயர்டு போலீஸுக்கு சினிமா சான்ஸ்!

கேள்வி: ஹாலிவுட் படங்களில் நொறுங்கும் போலீஸ் கார்கள் அசலா, செட்டிங்கா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: பல நேரம் அசலேதான்! 1980-ல் வந்த 'தி புளூஸ் பிரதர்ஸ்' படத்தில் பறந்து பறந்து ஓடும் 1974 மாடல் டாட்ஜ் மொனாக்கோ, கலிஃபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸ் கழித்துக்கட்டிய வண்டி. அதுவும் ஒன்றல்ல, சுமார் ஒரு டஜன்! பொதுவாக, ஏலம் விடுமுன் சுழல்விளக்கு, சைரன், வயர்லெஸ் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். கூரையில் துளைகள்தான் மிஞ்சும். கதை நடக்கும் வருடத்துக்கேற்ற விளக்கைத் தேடிப்பிடித்துப் பொருத்தி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து மறுபடி 'டியூட்டி'யில் சேர்ப்பது பெரிய கலை. கார் பறக்கும்போது ஹீரோவுக்குக் கைதட்டுங்கள். அதை ஓடவைத்த மெக்கானிக்குக்கு இன்னும் பலமாகத் தட்டுங்கள்!