பின்னக் கூட்டாளி: ஒரு பூர்வாங்க ஆய்வு

பின்னம் படிக்கத் துணை தேடுவது பற்றி இதுவரை யாரும் மெனக்கெட்டு ஆராயவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்க எங்கள் மொட்டைமாடியில், ஆறாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளை முன்னிறுத்திக் கள ஆய்வு நடத்தப்பட்டது.

முதலில் சொல்லாராய்ச்சி. கூட்டுகிறவர் கூட்டாளி. பின்னங்களைக் கூட்டப் பகுதி ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே கூட்டாளியும் அதே பகுதியில், கூடுமானால் அதே தெருவில், குடியிருக்க வேண்டும். வேறு பகுதிக்காரர் என்றால் மீ.சி.ம. கண்டுபிடித்து, இரண்டு பஸ் மாறித்தான் கூட்டிவர வேண்டும்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. முந்திரி 320இல் 1, காணி 80இல் 1, மா 20இல் 1 என்று எண்சுவடியைக் கும்பலாக ஒப்பிப்பார்கள். வாயை மட்டும் அசைத்தவனைச் மற்ற பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையைத் தவிர யாராலும் பிடிக்க முடியாது. (எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று பெயர். இந்தக் கணக்குப்படி அரைக்கால் சட்டை தைப்பவர்கள் துணியைத் தாராளமாகத்தான் செலவழிக்கிறார்கள்.) சட்டாம்பிள்ளை போலப் பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியார் என்ற ஏற்பாட்டை, 1789இல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் அச்சிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் நிலைத்தது. அவர் விட்ட இடத்தில் நாம் தொடங்குகிறோம்.

கூட்டாளி: எதிர்வீட்டுப் பையன். ஆய்வுக் கருவி: செவ்வகக் கடலை மிட்டாய், ஒன்று. வினா: அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?

பையன் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, "அஞ்சுல ரெண்டு" என்றான். தொனியில் சந்தேகமே இல்லை.

அவள் பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். "டேய், அஞ்சுல ரெண்டு அரையைவிடக் கம்மிடா. அரையோட இன்னும் சேர்த்தா எப்படிடா குறையும்?"

"எங்க வீட்ல எப்பவும் அப்படித்தான்."

இத்தரவு சேகரிக்கப்பட்டது, விளக்கம் தேடப்படவில்லை.

அவள் மிட்டாயை ஸ்கேலால் அளந்து ஆறு துண்டாக உடைத்தாள். உதிர்ந்த வேர்க்கடலைப் பருப்பு ஆய்வாளர் வசம் வந்தது. அரைக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு. "ஆறுல அஞ்சு, சித்தப்பா!" என்று அவள் நிமிர்வதற்குள், மீதி ஆறில் ஒன்று பையன் வாயில் இருந்தது.

தப்பாகச் சொல்லும் கூட்டாளியே உத்தமம் என்பது நம் துணிபு. சரியாகச் சொல்லியிருந்தால் அவள் மிட்டாயை உடைத்தே இருக்கமாட்டாள்.

நாளை வகுத்தல் பாடம். நான்கு பேர் வருவதாகப் பையன் சொல்லியனுப்பியிருக்கிறான்.