தோட்டத்தைப் பார்க்க டிக்கெட் உண்டா?

கேள்வி: பேராக்கில் கெல்லி மாளிகை இருக்கிறது. நெகிரி செம்பிலானில் அப்படிப் பார்க்க ஒரு பழைய எஸ்டேட் உண்டா? (சிரம்பான் வாசகர்)

பதில்: கெல்லி ஸ்மித் போல ஒரு துரை நெகிரிக்கு வாய்க்கவில்லை. பத்து காஜாவில் 1915-இல் மாளிகை கட்டத் தொடங்கிய அவர், 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனார். அரைகுறையாக நின்ற கட்டடத்தை இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். கட்டி முடிக்காததற்கே இந்த மரியாதை! தொழிலாளர் மூன்று தலைமுறை குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்ததோ புல்டோசர்தான்.

கேள்வி: ரந்தாவ், சிலியாவ் பக்கம் சாலையோரமே தோட்டம் தெரிகிறதே, நேராக உள்ளே போய்விடலாமா?

பதில்: ஜாகா வழிவிட்டால் போகலாம். "சொந்த ஊர்" என்று சொல்லிப் பாருங்கள், சில சமயம் அனுமதிக் கடிதத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: எந்த மாதம் போனால் நல்லது?

பதில்: தோட்டத்தில் இரண்டு நாட்காட்டி. ஒன்று மரத்துடையது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை பழுத்து, சிவந்து, உதிர்ந்துவிடும். படம் எடுக்க வருகிறவருக்கு அழகு. வெட்டுகிறவருக்குப் பாலும் குறைவு, சம்பளமும் குறைவு. பால் வெட்டைப் பார்க்க ஆசையென்றால் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். உளி சீவி எடுக்கும் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம். பட்டையைத் தாண்டி உளி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், வெட்டியவருக்கு மண்டோரின் அர்ச்சனை. மழை வந்தால் வெட்டே கிடையாது.

மற்றது மாரியம்மனுடையது. சித்திரையிலிருந்து ஆடி வரை ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நாள். லயம் போய், பள்ளி இடம் மாறி, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்த பிறகும் கோயில் மட்டும் நிற்கும் இடங்கள் உண்டு. அன்று கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கார்கள் செம்மண் தடத்தில் வரிசை கட்டும். கரகம், கூழ், அன்னதானம் எல்லாம் உண்டு. ஆனால் பார்க்க வேண்டியது அன்னதான வரிசையைத்தான். அங்கே உங்கள் உத்தியோகத்தை யாரும் விசாரிப்பதில்லை, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். பதில் தெரியாமல் போய்விடாதீர்கள்.

கேள்வி: ரப்பருக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?

பதில்: காப்பி. பிரேசில் காப்பி பெருகி விலை சரிந்த பிறகுதான் ரப்பருக்கு யோகம் அடித்தது. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1891. ரப்பர் அலைக்கு அது மூத்தது.

கேள்வி: என் மகன் செம்பனையைப் பார்த்துத் தென்னை என்கிறான். திருத்தியும் கேட்கவில்லை!

பதில்: விட்டுவிடுங்கள். மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனையை முதலில் நட்டது 1917-இல், கோலசிலாங்கூர் பக்கம். அந்தத் தோட்டத்தின் பெயரே தென்னமரம்!

கேள்வி: நெகிரியில் எதையாவது காப்பாற்றலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: ஒரே ஒரு லயம். துரை பங்களா வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது. இலங்கையில் கம்பளை அருகே ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி 2007-இல் திறந்தார்கள். இங்கே அதற்கு நாளாகும் என்றால், முதலில் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். தாத்தாவின் உளி, பாட்டியின் பால்வாளி, பழைய சம்பளச் சீட்டு ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். திருவிழாவுக்குப் போகும்போது கோயில் செயலாளரிடம் கொடுத்து, கையோடு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.