ஒருபக்கக்காரர்

கல்யாணப் பத்திரிகை நீட்டினால் சிலர் முகூர்த்த நேரம் பார்ப்பார்கள். சிலர் தங்கள் பெயரைத் தேடுவார்கள். ஒருபக்கக்காரர் முதலில் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் முகம் மலரும். அப்புறம் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு நிமிண்டு. "300 ஜிஎஸ்எம் இருக்கும். சம்பந்தி நல்ல இடம்தான்."

தெருவுக்கு ஒருத்தராவது இப்படி இருப்பார். மதுரையில் எங்கள் தெருக்காரர் சர்க்கார் ஆபீசில் தபால் பிரிவில் குப்பை கொட்டியவர். கொட்டியவர் என்பது தப்பு. ஒரு துண்டுச் சீட்டைக்கூட அவர் கொட்டியதில்லை. வந்த உறையின் மேல் சீட்டு ஒட்டி, புது விலாசம் எழுதி மறுபடி அனுப்பும் அந்தக்கால ஆபீஸ் வழக்கம் இருக்கிறதே, அதுதான் அவருக்கு வேதம்.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். மற்றவர்களுக்கு அது சித்திரான்னம் சாப்பிடும் நாள். இவருக்கு அறுவடைக்கு நாள் குறித்த மாதிரி. அச்சகங்களில் ஓரம் சீவும்போது விழுகிற தாள் எடைக்குக் கிடைக்கும் என்று பஸ் ஏறிவிடுவார். "போக வர ஆன காசுக்குப் புது ரீமே வாங்கியிருக்கலாமேப்பா" என்றான் மகன். "பஸ் டிக்கெட்டுக்கும் பின்பக்கம் இருக்குடா" என்றார்.

தெருப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் புராஜெக்ட் என்றால் அவர் வீடுதான் கடை. தாள் இலவசம், பாடம் கட்டாயம். "இப்படிக் கிழிச்சா நேராப் போகுது, அப்படிக் கிழிச்சா கோணிக்கிட்டுப் போகுது, பாத்தியா? நேராக் கிழியிற வாக்குல மடி. அப்பத்தான் மடிப்பு வெடிக்காது." சொன்னது உண்மை என்று பிள்ளைகளுக்கு அட்டைப்பெட்டி செய்யும்போதுதான் புரியும். மாதக் காலண்டரின் வழவழத் தாளில் பேனா சறுக்கும். அது நோட்டுக்கு அட்டை போட. வெள்ளைப் பக்கம் வெளியே, சாமி உள்ளே. எங்கள் தெருவில் கணக்கில் தேறிய பிள்ளைகளுக்கெல்லாம் முருகன் அட்டைக்குள் இருந்துதான் துணை நின்றார்.

நிஜமான கைவேலைக்காரி அவர் சம்சாரம்தான். பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, கவிழ்த்த பானை மேல் அப்பிக் காயவைத்து எடுத்தால் கூடை. வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார். ஆனால் ஊறப்போடுமுன் ஒவ்வொரு தாளும் ஐயாவின் தணிக்கைக்குப் போயாக வேண்டும். ஒருமுறை அண்டாவுக்குள் கைவிட்டு ஒரு தாளை மீட்டு, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார். "இதுல இன்னும் நாலு வரி எழுதலாம்."

அவரைத் தோற்கடித்த தாள் ஒன்றுதான்: கருமாதிப் பத்திரிகை. எங்கள் பக்கம் அதை வீட்டுக்குள் எடுத்துப்போக மாட்டார்கள். படித்துவிட்டு வாசலிலேயே கிழித்துப் போடுவார்கள். போன மாதம் ஒன்று வந்தது. கெட்டி அட்டை, பின்பக்கம் பால் மாதிரி வெள்ளை. திண்ணையில் அதன் பக்கத்திலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இன்னுமா கிழிக்கலை?"

"கிழிச்சிட்டேன், கிழிச்சிட்டேன்."

மறுநாள் பால்காரரிடம் அந்தம்மா நீட்டிய கணக்குச் சீட்டின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கரை ஓடியது.