பாதி ஸ்டிரிப்

காலாவதியான மாத்திரைகளைக் கேரி பேக்கில் கட்டி, வாங்கிய மெடிக்கலிலேயே நேற்று நீட்டினேன். "இதெல்லாம் எடுக்க மாட்டோம் சார்." குப்பையில் போடட்டுமா? "அது உங்க இஷ்டம்." என் இஷ்டமாம்! இன்னும் ஆறவில்லை எனக்கு.

இதைப் பற்றி உருப்படியாக ஒன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த ஸ்டிரிப் சமாச்சாரம். மூன்று நாளைக்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் கத்தரியை எடுப்பார். தேதி அச்சடித்த முனை எப்போதும் நமக்கு முன்னால் வந்தவருக்கே போயிருக்கும். இந்த ஊரின் எக்ஸ்பைரி தேதிகளையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் சேர்த்து வைத்திருக்கிறார். நமக்கு வருவது "...சின் 500" என்ற வால். எந்தச் சின்? அசித்ரோமைசினா, சிப்ரோஃப்ளாக்சசினா? மொபைல் டார்ச் அடித்து, ஃபாயிலைச் சாய்த்துப் பார்த்தால் "எக்ஸ்" வரை தெரிகிறது, அதற்குமேல் கத்தரி. வீட்டில் தீர்ப்பு ரெடி: "வெள்ளையா ரவுண்டா இருந்தா காய்ச்சலுக்கு." மாமா அதற்கும் மேலே: "டேட் போனா பவர் பாதியாயிடும் மாப்ளே, ரெண்டா போட்டுக்குங்க."

காலாவதி மருந்து அபாயகரமான வீட்டுக் கழிவு என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. தெருவுக்கு வரும் வண்டியில் கேட்பது "மக்குமா, மக்காதா?" மட்டும். மாத்திரை மக்குமா, நீங்களே சொல்லுங்கள். டாய்லெட்டில் கொட்டலாமா? மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் ஃபென்டனில், டிரமடால் என்று 17 மருந்துகளை மட்டும் அப்படிக் கொட்டச் சொன்னது. பட்டியலோடு ஒத்துப்பார்க்கப் பெயர் வேண்டுமே. பெயர்தான் புண்ணியவான் வீட்டில் இருக்கிறதே!

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், மருந்தாலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வந்தது. மாத்திரை விழுங்கியவன் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. அங்கே ஓடையே கோர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. நான் ஒற்றை "சின்"னைக் கையில் வைத்துக்கொண்டு சிங்க் முன்னால் மனசாட்சியோடு மல்லுக்கட்டுகிறேன்.

கோழிக்கோட்டில் 2025இல் வீட்டு மருந்துகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். மங்களூர் மெயிலில் ஏறி அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று வீட்டில் கேட்டேன்.

"போங்க. வரும்போது நேந்திரம் சிப்ஸ் வாங்கிட்டு வாங்க. டேட் பாத்து."