பெரும்பாக்கத்தில் அகலக்கற்றை: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கட்டடம் 2022 ஜனவரி 12 அன்று பெரும்பாக்கத்தில் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு இவ்வூர்வாசி எவரும் எதையும் ஆய்வு நோக்கில்லாமல் பார்ப்பது முறையாகாது. பழந்தமிழை அங்கே பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டு இணையம் ஏன் இப்படி ஊர்கிறது என்ற வினா மட்டும் கேட்பாரற்றுக் கிடந்ததால், அதை இக்கட்டுரையாளர் எடுத்துக்கொண்டார். நிதிநல்கை கிடையாது. மாதாமாதம் ஜிஎஸ்டி சேர்த்துக் கட்டும் பில்தான் ஆய்வுச் செலவு.

அகலக்கற்றை எனப்படுவது யாது? நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது அகலக்கற்றை என்றது மத்திய அரசின் 2004-ஆம் ஆண்டுக் கொள்கை. 2013-இல் அளவு 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட். பிட்டை எட்டால் வகுத்தால்தான் பைட் வரும் என்பதால் 256 கிலோபிட் என்பது வெறும் 32 கிலோபைட். அந்த வேகத்தில் 1.4 ஜிபி படம் ஒன்று இறங்க 12 மணி நேரம் ஆகும். ஆகவே ராத்திரி ஒன்பது மணிக்குக் கதாநாயகன் பாதி உதைத்த காலோடு உறைந்து நிற்க, அவன் மூஞ்சியில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதும், 2004-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி எங்கள் வீட்டில் அகலக்கற்றை அமோகமாக ஓடுகிறது. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் வந்த நாள் 1995 ஆகஸ்ட் 15. அன்றைய 9.6 கிலோபிட்டை நினைத்தால் இதற்கு விழாவே எடுக்கலாம்.

முந்தைய ஆய்வாளர்கள், அதாவது எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவினர், பழியைக் கடல்மேல் போட்டனர். "கடலுக்கு அடியில கேபிள் அறுந்துடுச்சாம்" என்பது அவர்கள் துணிபு. செங்கடலில் 2024-இல் கேபிள்கள் அறுந்தது மெய்தான். ஆனால் பெரும்பாக்கத்து மூன்றாவது தெருவுக்கும் செங்கடலுக்கும் அத்தனை நெருக்கம் இல்லை. உள்ளபடி பார்த்தால் கடல் விஷயத்தில் சென்னையைப்போல் கொடுத்து வைத்த ஊர் குறைவு. சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடிக் கேபிள்கள் இங்கேதான் கரையேறுகின்றன. 2020 ஆகஸ்ட் முதல் அந்தமானுக்குப் போகும் 2,300 கி.மீ. கேபிளும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். எனவே சிங்கப்பூரிலிருந்து 3,200 கி.மீ. கடந்து சென்னைக்கு வர அதற்கு 16 மில்லிநொடி போதும். அங்கிருந்து தெருமுனைப் பெட்டிவரைகூட ஒழுங்காகத்தான் வந்து சேருகிறது. பெட்டியிலிருந்து எங்கள் ஹாலுக்கு உள்ள இருநூறு மீட்டரில்தான் அது வழி தவறுகிறது. ஆய்வுக்களம் இவ்வாறு உலகத்திலிருந்து ஒரே தெருவாகச் சுருங்கியது.

இந்த இருநூறு மீட்டரும் ஆகாயமார்க்கம். ஏன் மண்ணுக்குள் புதைக்கவில்லை என்று கேட்பவர் மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையில் ஒருமுறை போய்விட்டு வரட்டும். மெட்ரோ ரயிலின் ஐந்தாம் வழித்தடம், குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால் என ஆளுக்கொரு ஜேசிபியோடு வருகிறார்கள். ஜேசிபிக்கு அஞ்சி மேலேறியது இழை. மேலே அதற்கு மின்கம்பத்தோடு சகவாசம். கொப்பு வெட்ட வருகிறவர்கள் எது கொப்பு எது கேபிள் என்று பார்ப்பதில்லை. உயரமான லாரி தன் வழிக்கு வந்ததை இழுத்துக்கொண்டு போய்விடும். போதாததற்கு அணில். மின்தடைக்கு அணில்களும் ஒரு காரணம் என்று 2021 ஜூனில் மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி சொன்னபோது நாடே சிரித்தது. இக்கட்டுரையாளரும் சிரித்தவர்தான். கடித்த கேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தபின் கருத்தை ஒத்திவைத்திருக்கிறார்.

வெள்ளத்தை மட்டும் தப்பாகச் சொல்லிவிடக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு சதுப்புநிலத்துத் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது, பலரும் கேபிள் நனைந்துதான் நெட் போயிற்று என்றார்கள். கண்ணாடி இழைக்குத் தண்ணீர் பொருட்டே இல்லை. நடுவழியில் அதற்கு மின்சாரமும் வேண்டாம். இரண்டு முனையிலும் இருந்தால் போதும். அந்த நாட்களில் இரண்டு முனையிலும்தான் இல்லை.

இனி மாலை நேரச் சிக்கல். தெருமுனைப் பெட்டிக்கு வரும் ஓர் இழையில் நொடிக்கு 2.488 கிகாபிட் இறங்கும். அதை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பங்கு பிரிக்கிறார்கள். 64 பேரும் ஒரே நேரத்தில் இலை போட்டு உட்கார்ந்தால் ஆளுக்கு 39 மெகாபிட்கூடத் தேறாது. எல்லோரும் ஒரே சமயத்தில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஆளாளுக்கு 100 என்று விற்கப்படுகிறது. இந்த நம்பிக்கையைக் கணக்காக எழுதி வைத்தவர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்லாங். முதல் கட்டுரை 1909-இல் வந்தது. கூப்பிடுவோர் ஒருவரை ஒருவர் பாராமல், தம் இஷ்டத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பது அவர் எடுகோள். அவர் ஐபிஎல் பார்த்ததில்லை. ஓஎம்ஆர் கம்பெனிகளில் வேலை செய்வோர் அத்தனை பேரும் ராத்திரி எட்டரைக்கு அமெரிக்காவோடு மீட்டிங்கில் உட்காருவதையும் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரௌட்டர் எங்கள் வீட்டில் இரும்பு பீரோவின் தலைமேல் இருந்தது. காரணம், அது அங்கே அழகாக இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. அடுக்ககத்திலோ 'முருகன் துணை' தொடங்கி 'போலீஸ் வேன்' வரை எல்லா வைஃபையும் அந்த மூன்றில் இடம் பிடிக்க முண்டுகின்றன. அடுப்படியில் மைக்ரோவேவ் ஓடினால் அதுவும் அதே அலைவரிசையில் வந்து சேரும்.

இத்துணையும் தெரிந்த பின்னும் நடைமுறையில் கைகொடுப்பது ஒரு நூற்பாதான்:

செவ்விளக் கிமைப்பின் அணைத்துப் போடுக;
போட்டபின் இமைப்பின் ஆள்வரும் என்க;
வாரா தொழியின் நாளை வருமென
மொழிப கால்சென்டர் முறையறிந் தோரே.

இஃது என்னுதலிற்றோ எனின், நெட் போனவழிச் செய்யத்தக்கன கூறுதல் நுதலிற்று. அணைத்துப் போடுதலை மூடநம்பிக்கை என்பாரும் உளர், அது பொருந்தாது. நாட்கணக்கில் ஓடிய ரௌட்டரின் நினைவகம் அடைத்துக்கொள்ளும்; அணைத்தால் அது துடைக்கப்பட்டு, இணைப்பு புதிதாகப் பதிவாகும். அதனால் அது சில நேரம் பலிக்கவே செய்யும். ஆயின் சிவப்பு விளக்கு என்பது ஒளியே வந்து சேரவில்லை என்பதற்கு அடையாளம். அந்நிலையில் சுவிட்சை நூறு முறை தட்டினாலும் பயனில்லை. அதை அறிந்தும் கால்சென்டரார் "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பது மரபு வழுவாமைப் பொருட்டு.

நூற்பா பெயர் சொல்லாமல் விட்ட ஆள்தான் இத்துறையின் மூலபாடம். எங்கள் வீட்டில் எல்லோர் போனிலும் அவர் பெயர் 'நெட் தம்பி'. டோல்-ஃப்ரீ எண்ணில் புகார் எண் தருவார்கள். தம்பி ஏணி கொண்டுவருவார். "தம்பி, சாயங்காலம் பொண்ணுக்கு ஆன்லைன் டெஸ்ட்டுப்பா" என்று என் மனைவி சொன்னால், அதற்கு எந்தப் புகார் எண்ணும் ஈடில்லை. கம்பத்தில் ஏணி சாத்தி, அறுந்த இரண்டு முனைகளையும் கீழே இழுத்துவந்து பைக் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். மேலுறையை உரித்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் இழையைத் துடைத்து, நுனியை நேராக வெட்டி, டிபன்பாக்ஸ் அளவு மெஷினில் எதிரெதிரே வைப்பார். உறை நீக்கிய இழை 125 மைக்ரான். ஒளி ஓடும் நடுத்தண்டு அதில் சுமார் 9. சின்னத் திரையில் இரண்டு முனையும் மெல்ல நெருங்கி வந்து ஒரு பொறியில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் பேச்சு கொடுத்தால் பதில் வராது. ஒட்டியபின் "அண்ணே, ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க" என்பார். போட்டால் நூறு காட்டும். அளக்கும் சர்வர் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் வலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்பதால் அந்த நூறை இவ்வாய்வு சான்றாகக் கொள்ளவில்லை.

ஒரே இணைப்பை நம்பக்கூடாது என்று இலக்கியங்கள் பரிந்துரைத்ததால், இரண்டாவதாகப் போட்டி நிறுவனம் ஒன்றின் இணைப்பும் எடுத்தோம். ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்க வேண்டும் என்பது கருதுகோள். அதற்கும் லைன் இழுக்க அதே தம்பிதான் வந்தார். அதே கம்பத்தில்தான் கட்டினார். போன மாத மழையில் இரண்டு பெட்டியிலும் சிவப்பு விளக்கு இமைத்தது. போன் போட்டேன்.

"எதுண்ணே போச்சு, பழசா புதுசா?"

"ரெண்டும்ப்பா."

"அப்ப நல்லதாப் போச்சு. ஒரே ஏணியில முடிச்சிரலாம்."