பட்டைக்காரர்

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு அதை ஓட்டுவதில் ஆசை, சிலருக்குத் துடைப்பதில். பட்டைக்காரர் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர். அவருக்கு வண்டியின் மேல் கோடு போட வேண்டும். அந்தக் காலத்துக் கோடு. அந்தக் காலத்தில் அந்த வண்டியில் இல்லவே இல்லாத கோடு.

பெரும்பாலும் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்தான் இந்தக் குணம் வெளிப்படுகிறது. பிள்ளைகள் வெளியூரில் செட்டிலாகி, வீட்டுக்கடன் தீர்ந்து, சர்க்கரையும் ஒருவழியாகக் கட்டுக்குள் வந்தபிறகு, மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு ஷெட்டுக்குள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று வந்து நிற்கும். மிகெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான வண்டி. பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் சாயும். உள்ளே இன்ஜின் முழுசாகத் தெரியும். ஆரம்பகால வண்டிகளில் அது 948 சி.சி. இன்றைக்குப் பையன்கள் ஓட்டும் சில பைக்குகளின் இன்ஜின் அதைவிடப் பெரிது. பட்டைக்காரரிடம் இதைச் சொல்லக் கூடாது. ஹெரால்டின் அழகுக்குக் கோடே தேவையில்லை என்பது என் கட்சி. அதையும் சொல்லக் கூடாது.

எனக்குத் தெரிந்த பட்டைக்காரரின் வண்டி கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் இருந்தது. வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு, கிருத்திகைக்குச் சுவாமிமலை. அது கலந்துகொண்ட ஒரே போட்டி, கோயில் வாசலில் நிழல் பார்த்து நிற்க இடம் பிடித்ததுதான். ஆனால் பட்டைக்காரர் பேசுவதெல்லாம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார்ப் பந்தயம் நடத்திய இடம் அது. இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தனி ஓடுதளம் வரும்வரை சென்னைக்காரர்களுக்குப் பந்தயம் என்றாலே சோழவரம்தான். "நம்ம வண்டி அங்க ஓடலை, வாஸ்தவம். ஆனா ஓடியிருக்கலாம் இல்லையா?" என்பார். அந்த 'இருக்கலாம்' என்பதற்குத்தான் கோடு.

கோட்டின் பூர்வீகத்தை அவரிடம் கேட்காதவர்களுக்கும் சொல்வார். ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கு நாட்டுக்கு ஒரு நிறம்: இங்கிலாந்துக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு. அமெரிக்காவுக்கு வெள்ளை உடம்பு, நீலச் சட்டகம். பின்னால் சட்டகம் உடம்புக்குள் மறைந்துபோக, அந்த நீலத்தைக் கோடாக மேலே கொண்டுவந்தார்கள் என்பது கதை. 1951இல் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் லெ மான்ஸ் பந்தயத்துக்கு அப்படி வெள்ளையில் நீலக் கோடு போட்ட கார்களோடு போனார். 1965இல் வந்த ஷெல்பி மஸ்டாங் ஜி.டி. 350 அந்த இரட்டைப் பட்டையை உலகமெல்லாம் பரப்பியது. அதிலும் மேல்பட்டை பல கார்களில் டீலர் கடையில் போட்டதுதான் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தெரியும். அசலே ஷோரூமில் ஒட்டியது என்றால், ஜி.பி. ரோட்டில் ஒட்டுவது மட்டும் எப்படிப் போலியாகும்?

முதல் திட்டம் பானட்டில் இரட்டைப் பட்டை. வண்டி கரும்பச்சை. அதில் இரண்டு வெள்ளைப் பட்டை, நடுவே விரல் அகலத்துக்குச் சிவப்பு. சோதனைக்காகக் கலர்த்தாளில் வெட்டி ஒட்டி, கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். எதிர்வீட்டு மாமி கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்தவர், நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நன்னா இருக்கு. ஆனா கீழ பாதம் இல்லையே. வடகலையா?"

அன்று சாயங்காலமே தாளை உரித்துவிட்டார். பூர்வீகம் தெரியாத மாமிமீது கோபம் இல்லை. மத்தியானம் வந்த கொரியர் பையனும் செருப்பைக் கழற்றியதுதான் தாங்கவில்லை.

பிறகு பக்கவாட்டுக் கோடு. இங்கேதான் ஹெரால்டு தன் சுயரூபத்தைக் காட்டியது. அந்த வண்டியின் உடம்பு தனித்தனித் தகடுகளாகப் போல்ட் போட்டு முடுக்கியது. பானட்டின் பக்கம் ஒன்று, கதவு ஒன்று, பின் மட்கார்டு ஒன்று. கோடு இல்லாதவரை மூன்றும் ஒற்றுமையாகத்தான் தெரிந்தன. ஒரு நூலைப் பிடித்து நேர்கோடு இழுத்ததும், பானட் கொஞ்சம் மேலே, கதவு கொஞ்சம் கீழே, பின்பக்கம் வேறு எங்கோ. கதவின் கீலைத் திருகி ஏற்றினால் கோடு சேர்ந்தது, கதவு சாத்தவில்லை. கதவு சாத்தினால் கோடு ஓடவில்லை. டிங்கரிங் மேஸ்திரி நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "கோடு வேணுமா, கதவு வேணுமா சார்?" என்றார். பட்டைக்காரர் யோசித்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இதில் இன்னொரு வில்லங்கம். டேப் வைத்து அளந்து நேராக ஒட்டிய கோடு, வளைந்த தகட்டின் மேல், தள்ளி நின்று பார்த்தால் தொங்கியதுபோலத் தெரியும். கண்ணுக்கு நேராக இருக்க வேண்டுமென்றால் அளவில் கோணலாக ஒட்ட வேண்டும். இது அவருக்கு மாதக்கணக்கில் தீனி போட்டது. மாஸ்கிங் டேப்பை ஒட்டுவார், ரோட்டைக் கடந்து எதிர்ப் பிளாட்ஃபாரத்தில் போய் நிற்பார், ஒரு கண்ணை மூடுவார், திரும்பி வந்து ஒரு நூல் இறக்குவார். வாட்ச்மேன் அவருக்காக டிராஃபிக்கை நிறுத்தப் பழகிவிட்டார். அந்த மாஸ்கிங் டேப்பே கார்க்கோட்டுக்காகப் பிறந்ததுதான்: இரண்டு நிறக் கார்கள் மோஸ்தராக இருந்தபோது, நிறம் சேரும் இடத்தில் பெயிண்டர்கள் படும் அவஸ்தையைப் பார்த்து, 3எம் கம்பெனியின் ரிச்சர்டு ட்ரூ 1925இல் கண்டுபிடித்தார். பட்டைக்காரர் அவர் படத்தை ஷெட்டில் மாட்டியிருக்கிறார், பிள்ளையாருக்குப் பக்கத்தில்.

நிறத்துக்கு வருவோம். எழுபதுகளின் நிறம் என்றால் காவி, கடுகு மஞ்சள், ஆரஞ்சு, காப்பிக்கொட்டைப் பழுப்பு என்று அவருக்கு மனப்பாடம். மார்டினி பந்தய அணியின் நீலமும் சிவப்பும் கல்ஃப் அணியின் வெளிர்நீலமும் ஆரஞ்சும் ஊரெல்லாம் ஒட்டுகிறார்களாம், வேண்டாமாம். மனைவியின் பீரோவைத் திறந்தார். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, மயில்கழுத்துக்கு எலுமிச்சைக் கரை. கல்யாண வீடுகளில் பட்டைக்காரர் பெண்களின் முந்தானையையே உற்றுப் பார்க்கிறார் என்ற புகார் கிளம்பியதும், "அவர் காருக்குப் பார்க்கிறார்" என்று மனைவி போய் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் நம்பவில்லை.

ஸ்டிக்கர் கடைப் பையன் பொறுமைசாலி. மட்டமான வினைல் நம் ஊர் வெயிலில் சுருங்கி ஓரம் தூக்கும், காஸ்ட் வினைல்தான் நிற்கும் என்று பாடம் நடத்தியவனே அவன்தான். வெட்டிய பட்டையை வாங்கிக்கொண்டு போவார்; மறுவாரம் இரண்டு மில்லிமீட்டர் குறைக்கச் சொல்லி வருவார். வேண்டாத பட்டைகள் வீணாகவில்லை. மனைவியின் ஸ்கூட்டி, மாடித் தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் டிராலி எல்லாம் இப்போது லெ மான்ஸுக்குத் தயார்.

ஒருமுறை காரியம் முடிந்தேவிட்டிருக்கும். ரோல்ஸ் ராய்ஸில் பக்கக் கோட்டை இன்றைக்கும் அணில் மயிர் பிரஷ்ஷால் கையாலேயே இழுக்கிறார்கள் என்று அறிந்து, கையால் கோடு போடும் ஆளைத் தேடி, லாரிக்குப் பாடி கட்டும் திருச்செங்கோட்டுக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வயசான பெயிண்டர். ஒரு தகரத்தை எடுத்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் மூன்று முழக் கோடு. துளி பிசிறு இல்லை. "இப்படிப் போதுங்களா? எங்கீங்க போடோணும்? டீ வர்றதுக்குள்ள முடிச்சுப்போடலாமுங்க."

பட்டைக்காரருக்கு வியர்த்துவிட்டது. கையில் ஃபைல், ஃபைலில் நாற்பத்துச் சொச்சம் டிசைன். டீ வருவதற்குள் முடிந்துவிடும் என்றால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது? மனைவியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, குடித்த டீக்குக் காசு கொடுத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். மனைவியிடம் அவர் எதையும் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

போன மாதம் மேல்வீட்டுப் பையன் புதுக் கார் எடுத்தான். "அங்கிள், எனக்கும் ஒரு ரெட்ரோ ஸ்ட்ரைப் போட்டுக் கொடுங்களேன்" என்றான். காப்பி ஆறுவதற்குள் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் வரைந்து கொடுத்தார். பழுப்பு, ஆரஞ்சு, கடுகு மஞ்சள், முன்சக்கரத்திலிருந்து பின்னே போகப் போக ஒடுங்கும் மூன்று பட்டை. பையன் அன்றைக்கே ஒட்டிக்கொண்டு வந்தான். தெருவே நின்று பார்த்தது. மாமிகூட ஒன்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு அழகா இருக்கு! இதையே நம்ம வண்டிக்கும் ஒட்டிடலாமேங்க" என்றார் மனைவி.

"அது நேத்து வாங்கின கார். அதுல எதை ஒட்டினா என்ன? நம்மது அப்படியா, அவசரப்பட முடியுமா?" என்றவர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பையனின் காரைப் பார்த்தார். பிறகு, பின்கதவுக்கிட்ட ஒரு நூல் இறங்கியிருக்கிறது, அவனிடம் சொல்ல வேண்டாம் என்றார்.