ஒற்றியூர் நீங்கலாக

வா கண்ணு, குந்து. அந்த ஸ்டூலு வேணாம், ஒரு கால் ஆடும். இப்டி வா.

தகடு வேணுமா? எங்க பேட்டைல தகடுன்னா ரெண்டு தினுசு. ஒண்ணு, வியாபாரம் படுத்துக்கினா வாசப்படி கீழ பொதைக்கிறது. அதுக்கு வேற ஆளப் பாரு. இன்னொண்ணு, பானெட்டத் தூக்கினா இஞ்சினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவுல இருக்கற தடுப்புல அடிச்சிருப்பானே, கம்பெனி பேரு, மாடலு, சேஸி நம்பரு, அத்தினியும் போட்டு. அதான் உன் ஆஸ்டின் ஏ40ல காணோம்ன்ற. யோசிச்சிப் பாத்தா ரெண்டு தகட்டுக்கும் ஒரே வேலைதான், பாக்கறவன் நம்பணும்.

அது எப்டி காணாமப் போவும்னு மூஞ்சிய தொங்கப் போடாத. நம்ம எண்ணூர் காத்து இருக்கே, உப்பக் கரைச்சி ஊதற காத்து. இரும்பு மேல அலுமினியத்த ஒட்டி அதுல உட்டா, மொதல்ல உயிர உடறது அலுமினியம்தான். வெள்ளையா மாவு பூத்து உதுந்துரும். பித்தளையா இருந்தா காத்து துன்னாது, காயலாங்கடைக்காரன் துன்னுடுவான். இது ரெண்டுக்கும் தப்பிச்சா பெயிண்டரு. 'பெயிண்ட் அடிக்கறதுக்கோசரம் கழட்டி பத்திரமா வச்சேன்'னு சொன்ன எந்தப் பெயிண்டருக்கும் வச்ச எடம் ஞாபகம் இருந்ததே இல்ல.

சரி, அந்தப் போன்ல இன்னாத்தக் காட்ற? இங்கிலீஷ்காரன் விக்கற ரெடிமேட் தகடா? அட கிறுக்கு! உன் வண்டி எங்க பூட்டுனது? ரகுநந்தன் சரண்னு ஒருத்தரு 1948ல கம்பெனி வச்சாரு. புள்ள பேரு அசோக், அத்தொட்டு கம்பெனியும் அசோக் மோட்டார்ஸ். லாங்பிரிட்ஜ்ல செஞ்ச ஆஸ்டின் பாகமெல்லாம் பொட்டி பொட்டியா கப்பல்ல வரும், எண்ணூர்ல பூட்டுவாங்க. 1949ல மொத ஏ40 வெளிய வந்துச்சு. 1955ல லேலண்டு பேரு ஒட்டிக்கிச்சு, காரு போயி லாரி வந்துச்சு. அதே வருசம்தான் திருவொற்றியூர்ப் பக்கம் புல்லட்டுக் கம்பெனியும். அப்டி நம்ம பேட்டைல பூட்டுன வண்டிக்கு இங்கிலாந்துத் தகட்ட மாட்டுனா, காசிமேட்டு வஞ்சிரத்துக்கு லண்டன் ரேஷன் கார்டு எடுத்த கதை ஆயிடும். எண்ணூர்ல பூட்டுன இன்னொரு ஏ40 எவன் ஷெட்லயாவது இருக்கும். தேடு. ஒரு டீ வாங்கிக் குடுத்து, தகட்டு மேல ஸ்கேலு வச்சி போட்டோ எடு. எழுத்து உசரம், ஓட்டைக்கு ஓட்டை தூரம், அத்தினியும் வேணும்.

அப்பறம் சுளுவு. பித்தளைன்னா எழுத்து நிக்கற எடத்த மூடிட்டு பெர்ரிக் குளோரைடுல போடறது. பாக்க டிகாஷன் மாதிரியே இருக்கும், நாயர் கடை ஞாபகத்துல வாய வச்சிராத. மூடாத எடத்த அரிச்சி எடுத்துரும், எழுத்து எழும்பி நிக்கும். அலுமினியத்த அதுல போட்டா சூடாயி, நுரைச்சிக்கினு பொங்கும். தகடு போட்டு சல்லடை எடுப்ப. பள்ளத்துல கருப்பு பெயிண்ட ரொப்பி, காஞ்சதும் மேலாக்கா தேச்சி உடு. மாட்டும்போது பாப் ரிவெட்டு அடிக்காத, நடுவுல ஓட்டை காட்டிக் குடுத்துரும். தலை உருண்டையா, உடம்புல மரை சுத்துன ஆணி ஒண்ணு கீது. சுத்தியால தட்டுனா தானா திருகிக்கினே எறங்கும். பழைய வண்டியத் தெரிஞ்சவன் கண்ணு மொதல்ல அங்கதான் போவும்.

தகட்டப் பழசாக்கணுமா? கல்யாண மாப்ள நரைமுடிக்கு மை பூசறான், நீ இன்னாடான்னா கருமுடிக்கு நரை பூசணும்ன்ற. புளியும் வேணாம், ஆசிட்டும் வேணாம். எர்ணாவூர்ல ஒரு மாசம் மொட்டை மாடில போடு, போதும்.

இப்ப நம்பருக்கு வருவோம். இங்கதான் நீ நெளியற. '49ல வந்த மொத வண்டிங்க நம்பரா அடிச்சா ரேட்டு ஏறும் தாத்தா'ன்னு காதுல ஓதற. நல்ல ஊரு பாத்துத்தான் வந்துக்கிற! எங்க திருவொற்றியூர் சாமிக்கு எழுத்தறியும் பெருமான்னே பேரு. கோயிலுக்கெல்லாம் வரி ஏத்தி ராஜா ஓலை உட்டானாம். பிரிச்சிப் பாத்தா வரிக்கு நடுவுல, ஒற்றியூர் நீங்கலாகன்னு பொடி எழுத்துல சொருகிக் கீது. எழுதுனவன் நான் இல்லன்றான், கொண்டாந்தவன் நான் இல்லன்றான். கடைசில சாமி வேலைன்னு தெரிஞ்சி கும்புட்டாங்க. சாமி சொருகுனா திருவிளையாடல் கண்ணு. நீ சொருகுனா முன்ன 420, 2024 ஜூலைலேருந்து 318. நம்பர் மாறிச்சே தவிர, ரூமு அதேதான்.

'சேஸில இருக்கறத ராவிட்டு புச்சா அடிச்சா யாருக்குத் தெரியும்'ன்றியா? இரும்புக்குத் தெரியும். பஞ்ச வச்சி அடிச்சா அடி மேலயே நின்னுடாது, கீழ இருக்கற இரும்பும் நசுங்கிப் போவும். நீ கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டாலும், தடய அறிவியல் லேப்ல மருந்த தடவுனா பழைய நம்பரு கொள்ளிவாய்ப் பிசாசு மாதிரி எழும்பி வரும்.

அதனால தகட்ட புச்சா செய், நம்பர மட்டும் செய்யாத. சேஸில எது கீதோ அதத்தான் தகட்டுல அடிப்பேன். பின்பக்கம் இன்னிக்குத் தேதியும் பொடியா அடிச்சி உடுவேன். உன் பேரன் கழட்டிப் பாத்தா தாத்தன் டுபாக்கூருன்னு நெனைக்கக் கூடாது பாரு. விண்டேஜ்னு பதியணுமா, 2021ல சட்டம் வந்துச்சு. மொதல்ல பதிஞ்சி 50 வருசம் தாண்டணும். புது நம்பர் வேணுன்றவனுக்கு இருவதாயிரம், பத்து வருசம் செல்லும், நடுவுல விஏன்னு எழுத்து வரும். சேஸி, பாடி, இஞ்சின்ல கை வச்சி மாத்தியிருக்கக் கூடாது. ஷோவுக்கு, ரேலிக்கு ஓட்டலாம். தெனம் ஆபீசுக்கு எடுத்துக்கினு போவ முடியாது.

இதோ பாரு நம்ம பஞ்சுப் பொட்டி. எண்ணு. ஒம்போது ஆணிதான். சைபர்லேருந்து எட்டு வரைக்கும். ஒம்போதுக்குத் தனியா கெடையாது, ஆற தலைகீழாத் திருப்புனா ஒம்போது. சின்ன வயசுல ஒரு பட்டறைல மோட்டாருத் தகட்டுல 1966ன்னு அடிக்கச் சொன்னாங்க. மொத ஆறத் திருப்பிப் புட்சி அடிச்சேன். முப்பது வருசம் கழிச்சிப் பொறக்கப் போற மோட்டாரு! மேஸ்திரி அன்னிக்கு எனக்கு நாஸ்தாவே குடுக்கல. அதுலேருந்து அடிக்கறதுக்கு முன்னாடி மூணு வாட்டி பாப்பேன்.

சேஸி நம்பரு பென்சில் பிரிண்டு எடுத்தாந்தியா? ஆர்.சி. புக்கும் குடு. வெளிச்சத்துல புடி. பேப்பரத் திருப்பாத, நேராத்தான் கீது. சேஸில கடைசி நம்பரு 9. புக்குல இன்னா போட்டுக்கிறான், 6. எந்தக் காலத்துல எந்த கிளார்க்கு, டீ சூட்டுல எழுதுனானோ.

தகடு அப்பறம் ஆவட்டும். வண்டிய ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இஸ்துக்கினு போயி இரும்பக் காட்டி புக்கத் திருத்திக்கினு வா. அந்த ஆறாம் நம்பர் ஆணிய தனியா எடுத்து வச்சிருக்கேன்.